நேராக நின்ற சீட்டு

ஜூன் 14

அன்புள்ள சித்திக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இருமல் போய்விட்டது. மருந்து பாதி பாட்டில் மிச்சம் இருப்பதால் வார்டன் அம்மா மட்டும் விடாமல் ஊற்றிக்கொண்டிருக்கிறார். உங்களுக்குக் கண் எரிச்சல் குறைந்ததா? இந்த விடுதியில் கைபேசி கூடாது என்று முதலில் சொன்னவர் யாரோ, அவர் நன்றாக இருக்கட்டும். இல்லாவிட்டால் நீங்கள் எனக்குக் கடிதமா எழுதப் போகிறீர்கள்?

நேற்று நூலகத்தில் செய்தித்தாள் பார்த்தேன். உங்கள் விமான நிலையத்தில் ஓடுபாதையில் ஒரு விமானம் நிற்கும்போதே இன்னொன்றை இறங்கச் சொல்லிவிட்டார்களாம். இறங்க வந்த விமானி கடைசி நேரத்தில் பார்த்துவிட்டு மறுபடி மேலே தூக்கிக்கொண்டு போனதால் எல்லோரும் பிழைத்தார்களாம். ‘கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் தவறு’ என்று தலைப்பு.

பக்கத்துக் கட்டில்காரி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, “ஏய், இது உங்க சித்தி வேலை பாக்குற இடம்தானே? அவங்கதான் ரெண்டையும் முட்ட விடப் பாத்தாங்களா?” என்றாள்.

“எங்க சித்தி முட்ட விடறதா இருந்தா முதல்ல உன்னையும் சுவத்தையும்தான் விடுவாங்க” என்றேன். நூலகர் இருவரையும் வெளியே போகச் சொல்லிவிட்டார்.

சித்தி, அது நீங்கள் இல்லைதானே? அடுத்த மாதம் அறிவியல் மன்றத்தில் நான் பேச வேண்டும். கோபுரத்தில் எப்படி வேலை செய்கிறீர்கள் என்று விவரமாக எழுதுங்கள். நான் அதையே பேசி இவர்கள் வாயை அடைக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் புழு


ஜூன் 25

என் புத்தகப் புழுவுக்கு,

சித்தி சுகம். கண் எரிச்சலும் என்னைப் போலவே பிடிவாதக்காரி, இன்னும் போகவில்லை. நூலகத்தை விட்டு உன்னையே வெளியே அனுப்பிவிட்டார்கள் என்றால் அந்த நூலகரைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

உன்னிடம் மறைக்க ஒன்றுமில்லை. அப்போது இருக்கையில் இருந்தது நான்தான். “இறங்கலாம்” என்று சொன்ன குரலும் என் குரல்தான். ஆனால் முழுக்கதையையும் கேள்.

எங்கள் கோபுரத்தில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு சீட்டு உண்டு. அதை நீளமான பிளாஸ்டிக் சட்டத்தில் செருகி, எதிரே உள்ள சரிவுப் பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவோம். ஒரு விமானத்தை ஓடுபாதையில் ஏற்றி, “கொஞ்சம் நில், பிறகு சொல்கிறேன்” என்று நிறுத்தி வைத்தால் அதன் சீட்டைக் கோணலாக இழுத்துவிடுவோம். வரிசையில் ஒன்று மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். ‘என்னை மறந்துவிடாதே’ என்று அர்த்தம். எந்த விதிப் புத்தகத்திலும் இது கிடையாது, கை வழக்கம்தான்.

அன்று காலை அடைமழை. ஓடுபாதையின் அந்த முனை கோபுரத்திலிருந்து தெரியவில்லை. எனக்கு முன்னால் பணியில் இருந்த மீசை சார் எழுந்துகொள்ள, நான் அவர் இடத்தில் உட்கார்ந்தேன். அவர் பின்னால் நின்று எது எது எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் தொலைபேசி அடித்தது. ஆள் பற்றாக்குறை, அதையும் நான்தான் எடுக்க வேண்டும். மீதி பலகையில் இருக்கிறது என்று கைகாட்டிவிட்டு அவர் கிளம்பினார். பேசி முடித்துப் பலகையைப் பார்த்தேன். எல்லாச் சீட்டும் நேராக இருந்தன. ஓடுபாதை காலி என்று நினைத்து, வருகிற விமானத்தை இறங்கச் சொன்னேன். அந்த விமானி மழைக்குள்ளிருந்து வெளியே வந்தபோது எதிரே ஒரு வால் விளக்கைப் பார்த்திருக்கிறார். அவருக்குப் புண்ணியமாகப் போகட்டும்.

விசாரணையில் கேட்டார்கள். “சீட்டு நேராகத்தான் இருந்தது” என்றேன். அது சத்தியம். “நான் கோணலாத்தான் வெச்சேன்” என்று மீசை சார் சாதிக்கிறார். அவரை இருக்கையிலிருந்து எடுத்துவிட்டார்கள். நல்ல மனுஷர், எனக்கு வேலை பழக்கியவரும்கூட. வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்ணால் பார்த்ததைத்தானே நான் சொல்ல முடியும்?

ஜன்னலோரமாகப் படுக்காதே. இருமல் திரும்பி வந்துவிடும்.

சித்தி


ஜூலை 9

அன்புள்ள சித்திக்கு,

நலமாக இருக்கிறேன். வார்டன் அம்மா பாட்டிலை முடித்துவிட்டார், விடுதலை!

நேற்று பேசினேன். முதல் பரிசு கிடைக்கவில்லை. எரிமலையைப் பற்றிப் பேசியவள் மேடையிலேயே சோடா மாவில் புகை விட்டுக் காட்டிவிட்டாள், அதோடு யார் போட்டி போடுவது? ஆனால் நான் பேசும்போது யாரும் தூங்கவில்லை. அட்டையில் சீட்டுகள் வெட்டி ஒட்டி, ஒன்றைக் கோணலாக இழுத்தும் காட்டினேன். “இந்த ஒரு சின்ன வேலையை ஒருவர் கவனக்குறைவாக மறந்ததால்தான் நூற்றுக்கணக்கான உயிர்கள் ஊசலாடின” என்று முடித்தேன். கட்டில்காரிகூடக் கை தட்டினாள்.

அட்டைச் சீட்டை ஒட்டும்போது ஒன்று தோன்றிச் சிரிப்பு வந்துவிட்டது. உங்களுக்குத்தான் எதுவும் கோணலாக இருந்தால் ஆகாதே! போன லீவில் உங்கள் வீட்டில் இருந்தபோது பார்த்தேனே. அம்மாவோடு போனில் பேசிக்கொண்டே வாசல் செருப்பையெல்லாம் காலால் வரிசையாகத் தள்ளினீர்கள். மேஜைக் கரண்டிகளை நேராக்கினீர்கள். என் ஜடையையும் நடுவுக்கு இழுத்துவிட்டீர்கள். “வலிக்குது சித்தி” என்று நான் கத்திய பிறகுதான், “நானா இழுத்தேன்?” என்று திரும்பினீர்கள். கை பாட்டுக்கு வேலை செய்கிறது, உங்களுக்கே தெரிவதில்லை. அப்படிப்பட்ட நீங்கள் கண்ணெதிரே ஒரு சீட்டு கோணலாக இருப்பதை எப்படிப் பொறுத்துக்கொள்கிறீர்கள்? கையைக் கட்டிப்போட்டுக்கொண்டா உட்காருவீர்கள்?

மீசை சாரை நான் கேட்டதாகச் சொல்லுங்கள். (சொல்லலாமா?)

உங்கள் புழு


ஆகஸ்ட் 2

அன்புள்ள சித்திக்கு,

நான் சுகம். நீங்கள்?

தபால் பெட்டியைத் தினமும் பார்க்கிறேன். அங்கே இருக்கும் பல்லிக்கும் எனக்கும் நல்ல பழக்கம் ஏற்பட்டுவிட்டது. நான் கிண்டல் செய்தது பிடிக்கவில்லையா? சும்மா விளையாட்டுக்குத்தான் எழுதினேன். கோபம் இருந்தால் திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் புழு


ஆகஸ்ட் 14

அன்புள்ள மகளுக்கு,

நலம். உன் கடிதங்கள் கிடைத்தன. எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. இங்கே வேலை அதிகம். பரீட்சைக்குப் படி. உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
சித்தி


ஆகஸ்ட் 21

அன்புள்ள சித்திக்கு,

இங்கே எல்லாரும் நலம். அங்கே ஏதோ நலமில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்தேன். கையெழுத்து உங்களுடையது, ஆனால் எழுதியது நீங்கள் இல்லை. ‘புழு’ இல்லை. திட்டு இல்லை. மீசை சாரைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. ‘அன்புள்ள மகளுக்கு’ என்று என்னை எந்தக் காலத்தில் கூப்பிட்டீர்கள்? மின் கட்டணம் கட்டச் சொல்லி வரும் தாளில்கூட இதைவிடப் பாசம் இருக்கும்.

நான் சின்னப் பெண்தான். ஆனால் என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருப்பதைவிடத் தெரிந்து அழுவது எனக்குச் சுலபம். எழுதுங்கள்.

உங்கள் புழு (அப்படித்தான் கையெழுத்துப் போடுவேன்)


செப்டம்பர் 3

அடி புழுவே,

நீ நலம் என்று நம்புகிறேன். நான் நலமா என்று நீயே படித்து முடிவு செய்துகொள்.

உன் ஜூலைக் கடிதத்தை இரவுப் பணி முடிந்து வந்து படித்தேன். முதலில் சிரித்தேன். ‘நானா இழுத்தேன்?’ என்ற இடம் வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு தூங்கவில்லை.

சீட்டு நேராக இருந்ததை நான் பார்த்தேன், அது சத்தியம். ஆனால் எப்போது பார்த்தேன்? தொலைபேசியை வைத்த பிறகு. பேசிக்கொண்டிருந்தபோது என் இடது கை எங்கே இருந்தது? எனக்கு ஞாபகமே இல்லை.

தெரிந்துகொள்ளாமல் விட மனசு கேட்கவில்லை. எங்கள் பயிற்சி அறையில் இதே மாதிரி ஒரு பலகை இருக்கிறது. ரேடார் அறையில் இருக்கும் அக்காவிடம், “நான் உக்காந்திருக்கேன். சீட்டெல்லாம் கன்னாபின்னான்னு வெச்சிட்டுப் போங்க. எப்ப வேணா போன் பண்ணி ஏதாவது வம்புக்கு இழுங்க” என்றேன். அவள் உடனே கூப்பிடவில்லை. எதற்கு உட்கார்ந்திருக்கிறேன் என்பதை நானே மறந்து பழைய பத்திரிகை ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டாள். “அடுத்த மாசம் உன் லீவையெல்லாம் நான் எடுத்துக்கறேன், மேலதிகாரி சரின்னுட்டார்” என்றாள். எனக்கு வந்த கோபத்தில் என்ன கத்தினேன் என்றே தெரியாது. பிறகு அவள் மெதுவாக, “சரி, பலகையைப் பாரு” என்றாள்.

எல்லாம் நேராக இருந்தன, குட்டி. ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை.

அதற்குப் பிறகும் பல நாள் வாயைத் திறக்கவில்லை. அந்த நாட்களில்தான் உனக்கு அந்த மின் கட்டணக் கடிதம் எழுதினேன். அதற்கு நீ எழுதிய பதில் வந்த மறுநாள் மேலதிகாரியின் அறைக்குப் போனேன்.

“விசாரணை முடிஞ்சு ஃபைலைக் கட்டி வெச்சாச்சு. இப்ப எதுக்கும்மா கிளறுறே?” என்றார்.

“மீசை சார் கோணலா வெச்சிருக்கார் சார். நேராக்கினது என் கைதான்.”

“பாத்தவங்க யாராவது இருக்காங்களா?”

“இல்லை.”

“அப்புறம் என்ன? அவர் கொஞ்ச நாள்ல திரும்பி வந்துடுவார். நீ வாயைத் திறந்தா உன் லைசென்ஸும் போகும். ஏற்கெனவே ஆள் இல்லை. யோசி.”

“ஆள் இல்லாததாலதான் சார் அன்னைக்கு நான் போனையும் சேத்து எடுத்தேன். அதையும் எழுதித் தரேன்.”

எழுதிக் கொடுத்தேன். மூன்று விஷயங்கள். சீட்டை நேராக்கியது நான். இருக்கையில் உட்காருகிறவரிடம் தொலைபேசியைக் கொடுத்தது நிர்வாகம். ஓடுபாதையில் விமானம் நிற்பதற்கு அடையாளம் கோணலாக இருக்கக் கூடாது. கை பட்டால் அழியாத அடையாளம், தனிச் சிவப்புச் சட்டம் வேண்டும். அவர் வாங்கமாட்டேன் என்றார். மேலிடத்துக்கே அனுப்பிவிட்டேன். மாத முடிவுக்குள் வாபஸ் வாங்கினால் கிழித்துப் போட்டுவிடுகிறோம் என்று தூது வந்திருக்கிறது.

மீசை சார் வீட்டுக்கும் போனேன். கதவைப் பாதிதான் திறந்தார். சொன்னேன். “நான்தான் வெக்கலையோன்னு எனக்கே சந்தேகம் வர வெச்சிட்டியேம்மா” என்றார். கதவைச் சாத்திக்கொண்டார்.

உன் மேல் தப்பு இல்லை. நீ கேட்டிருக்காவிட்டால் இந்தக் கை இன்னொரு நாளும் இதையே செய்திருக்கும். இதை நன்றாக மனசில் வைத்துக்கொள்.

சித்தி


செப்டம்பர் 12

அன்புள்ள சித்திக்கு,

உடம்பு நலம். மற்றதைக் கீழே எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தைக் குளியலறையில் உட்கார்ந்து படித்தேன், அங்கே மட்டும்தான் தாழ்ப்பாள் இருக்கிறது. முதலில் அழுதேன். அப்புறம் ஒன்று நினைவுக்கு வந்து அழுகை நின்றுவிட்டது. கவனக்குறைவாக மறந்தவர் என்று ஒரு மனிதரைப் பற்றி மன்றம் முழுக்கக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். அவர் மறக்கவே இல்லை.

அறிவியல் ஆசிரியையிடம் போய், மறுபடி பேச வேண்டும் என்றேன். “எதுக்கும்மா? குடும்ப விஷயத்தையெல்லாம் மேடையில வெச்சுக்கலாமா?” என்றார். “குடும்பப் பெருமையைப் பேசுனப்ப நீங்க ஒண்ணும் சொல்லலையே மிஸ்” என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, சரி என்றார்.

நேற்று பேசினேன். அட்டையும் பசையும் இல்லாமல் வெறும் கையோடு நின்று நடந்ததைச் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒருத்தி, “யாருமே பாக்கலையாம், அவங்களே போய் மாட்டிக்கிட்டாங்களாம். உங்க சித்தி லூசா?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

“ஆமா. நீ ஏறுற பிளேனுக்கு லூசு வேணுமா, கெட்டிக்காரங்க வேணுமா, நீயே முடிவு பண்ணிக்கோ” என்றேன். சிரிப்பு அடங்கவில்லை. ஆனால் கடைசி வார்த்தை வரை சொன்னேன். இந்த முறை யாரும் கை தட்டவில்லை. இரவு கட்டில்காரி மட்டும் தன் போர்வையில் பாதியை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

அடுத்தது, அம்மா. வார்டன் அறைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். “நீ சொன்னா அவ கேப்பா. வாபஸ் வாங்கச் சொல்லி எழுது. இந்த வேலையை வாங்க அவ பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஊரே சும்மா இருக்கும்போது இவளுக்கு மட்டும் எதுக்கு இந்த வேலை?” என்று ஒரே மூச்சில் சொன்னாள். எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். இதோ எழுதிவிட்டேன்: வாபஸ் வாங்குங்கள் என்று அம்மா சொல்கிறாள்.

வாக்கைக் காப்பாற்றியாயிற்று. இனி நான் சொல்வது: வாங்காதீர்கள். லைசென்ஸ் போனால் போகட்டும். உங்களைப் பார்த்து நான் வெட்கப்படவில்லை. யார் கேட்டாலும் இதையே சொல்வேன்.

உங்கள் புழு


அக்டோபர் 24

என் புழுவுக்கு,

நலம்தான், கோபத்தோடு நலம். உன் அம்மா என்னோடு பேசுவதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிட்டு, “சாப்பிட்டியா?” என்று மட்டும் கேட்டுவிட்டு வைக்கிறாள்.

வாபஸ் வாங்கவில்லை. லைசென்ஸை நிறுத்தி வைத்துவிட்டார்கள். மறுபடி பயிற்சி, மறுபடி தேர்வு. அதில் தேறினால்தான் இருக்கை. அதுவரை ஜன்னல் இல்லாத அறையில் பழைய தாள்களை அடுக்கும் வேலை. (சிரிக்காதே. ஆமாம், நேராகத்தான் அடுக்குகிறேன்.) வேறு துறைக்கு நிரந்தரமாக மாற்றிக்கொள்கிறாயா, சம்பளம் குறையாது என்று இனிப்பாகக் கேட்டார்கள். “நான் தப்பு பண்ணினேன், ஓடிப் போறதா சொல்லலையே” என்றேன்.

மீசை சார் திரும்பி வந்துவிட்டார். என்னைப் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுகிறார். அது போதும், அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமையில்லை.

சிவப்புச் சட்டத்துக்கு இன்னும் பதில் இல்லை. வாரா வாரம் நினைவூட்டுக் கடிதம் அனுப்புகிறேன். மேலிடத்தில் இருக்கும் ஒருவர், “இந்தம்மா விடமாட்டாங்க போல” என்று சொன்னாராம். சரியாகத்தான் கணித்திருக்கிறார்.

தலைக்கு எண்ணெய் வை. கண்ணைச் சுருக்கிப் படிக்காதே.

சித்தி


டிசம்பர் 5

என் புழுவுக்கு,

சுகம், சுகம், சுகம். தேறிவிட்டேன்! உன் அம்மா தொலைபேசியில் ஒரு நிமிடம் முழுவதும் திட்டினாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. மீண்டும் இருக்கையில் உட்கார்ந்த முதல் வாரம் பின்னால் ஒருவர் நின்று கண்காணிக்க வேண்டும். அந்த ஒருவர் மீசை சார். தூறல். பறவை விரட்டும் ஜீப் ஓடுபாதைக்குள் இருந்தது, ஒரு விமானம் இறங்க வந்துகொண்டிருந்தது. வெளியே வரச் சொன்னேன். ஜீப்காரர் ஏதோ சொன்னார், வானொலி கரகரவென்று பாதியில் அறுந்தது. மறுபடி கேட்டேன், பதிலில்லை. தூறலில் ஜீப் கண்ணுக்குத் தெரியவில்லை. வந்திருப்பார், நிச்சயம் வந்திருப்பார் என்றுதான் மனசு சொன்னது. விமானம் நெருங்கிவிட்டது.

“கோ அரவுண்ட்” என்றேன், இறங்காமல் மறுபடி மேலே தூக்கிக்கொண்டு போ என்று அர்த்தம்.

அவ்வளவு பெரிய உருவம் எங்கள் முன்னால் உறுமிக்கொண்டு மேலே போனது. கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. ஜீப் அப்போதே வெளியே வந்து, மரத்தடியில் நின்றுகொண்டிருந்திருக்கிறது.

விமானி சுற்றி வந்து இறங்கியதும் எரிச்சலாக, “என்ன காரணம்?” என்றார். “ஓடுபாதை காலின்னு எனக்கு உறுதியில்லை” என்றேன். மேலதிகாரி மூச்சிரைக்க மாடியேறி வந்தார். “காலியா இருந்த பாதைக்கு மேல அனுப்பியிருக்கே. எரிபொருள் செலவு, தாமதம், புகார். பயந்துட்டியா? பயந்தவங்களுக்கு இது இடமில்லை” என்றார்.

“பயப்படலை சார். தெரியலை. தெரியாதப்ப தெரிஞ்ச மாதிரி ஒரு தடவை இறங்கச் சொன்னேன். இனிமே சொல்லமாட்டேன்.”

அவர் மீசை சாரிடம் திரும்பி, “நீங்க என்ன சொல்றீங்க?” என்றார்.

“என்கிட்ட எதுக்குக் கேக்குறீங்க? சீட்ல இருக்கறது அவங்க” என்றார் மீசை சார். பிறகு மணியடித்த தொலைபேசியை நான் எட்டுவதற்குள் அவரே எடுத்துக்கொண்டு, பேசியபடி அந்தப் பக்கம் போய்விட்டார்.

எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். ஒரே வரிதான் எழுதினேன்: ‘நாளைக்குச் சந்தேகம் வந்தாலும் இதையே செய்வேன்.’

லீவுக்கு வருகிறாய்தானே? உன் அம்மா விமானப் பயணச்சீட்டு எடுத்துவிட்டாளாம். நீ இறங்கும் நேரம் எனக்குத்தான் பணி.

சித்தி


டிசம்பர் 11

அன்புள்ள சித்திக்கு,

நலம். பெட்டி கட்டிவிட்டேன், உள்ளே துணிகளைவிடப் புத்தகங்கள் அதிகம்.

என் பயணத்துக்கு உங்களுக்கே பணி என்று தெரிந்ததும், அம்மா உங்கள் பணி நேரத்தை மாற்றச் சொல்லிக் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. “அவ இருக்கான்னா சரி” என்றாள். இதை நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள்.

ஒரு விஷயம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் வரும் அன்றும் தூறலாக இருக்கலாம். ஜீப்காரர் பதில் சொல்லாமல் போகலாம். அப்போது ஜன்னலோரத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன், பாவம், பசியோடு இருப்பாள், பயந்துபோவாள் என்றெல்லாம் யோசிக்காதீர்கள். மேலே அனுப்புங்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் அனுப்புங்கள். பக்கத்து இருக்கைக்காரர் முணுமுணுத்தால் அவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சுற்றி வரும் நேரத்துக்கென்று கைப்பையில் தனியாக ஒரு தடிப் புத்தகம் எடுத்து வைத்திருக்கிறேன்.

உங்கள் புழு